தார் பூசிய ஜன்னல்

ரத்தினசாமிக்கு விமானத்தைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது தன் குடும்பத்து நிலத்தில் நிற்கிறது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று அவர் நினைத்தார். அவருக்கு வேலை கொடுத்த கம்பெனியும் அப்படித்தான் நினைத்தது.

கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே, பனைமர வரிசைக்கு அப்பால், யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை ஒன்று கிடந்தது. யுத்தம் முடிந்த பிறகு அதில் ஊர்க்காரர்கள் சோளம் காயப்போட்டார்கள், எள் அடித்தார்கள். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் கொச்சிக்காரக் கம்பெனி ஒன்று வந்து சோளத்தை அள்ளச் சொல்லிவிட்டு, ஒரு பழைய டகோட்டா விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. காலையில் கொச்சிக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். மூணாறு எஸ்டேட் துரைமார்கள் மறையூர், உடுமலை வழியாக ஜீப்பில் இறங்கிவந்து ஏறினார்கள். கொல்லங்கோட்டு வியாபாரிகளும் பாலக்காட்டு வக்கீல்களும் ஏறினார்கள். ஓடுபாதையைச் சுற்றியிருந்த நிலம் முழுக்க ரத்தினசாமியின் குடும்பத்துடையது. வண்டிகள் வர வழியும் கொட்டகை போட இடமும் வேண்டியிருந்தன. இடத்தைக் கொடுத்தவர் பதிலுக்குப் பதவி கேட்டார். ஸ்டேஷன் சூப்பிரண்டு என்று ஒரு பதவியை உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

கொச்சிக்குக் கூப்பிட்டுச் சில நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். போனவர் ஒரு கறுப்புக் கண்ணாடியோடும் 'ரைட்டோ' என்ற ஒரு சொல்லோடும் திரும்பி வந்தார்.

விமானம் இரவில் இங்கேயே நின்றதால், காலையில் ஆள் ஏறுவதற்கு முன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய பொறுப்பு அவருடையது. தீயணைக்கும் பாட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா, கோடாலி அதன் கொக்கியில் இருக்கிறதா, டார்ச் எரிகிறதா, மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, இருக்கைகளின் பெல்ட்டுகள் பூட்டுகின்றனவா, இறக்கைக்கு மேலே இருந்த ஆபத்து ஜன்னல்களின் கைப்பிடியை இழுத்தால் வருகிறதா. கொச்சியில் ஓடுபாதை காயலை ஒட்டி இருந்ததால், ஒவ்வோர் இருக்கைக்கு அடியிலும் தண்ணீரில் மிதக்கிற சட்டை ஒன்று வேறு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கேப்டனிடம் வாயால் சொன்னால் போதும். ஒரு பீடி பிடிக்கிற நேரத்து வேலை.

ஆரம்பத்தில் பார்த்தார். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து ஒறம்பரைச் சொந்தங்களைக் கூட்டிவந்து, அவர்களுக்குக் காட்டிக்கொண்டே பார்த்தார். கோடாலியைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினார். ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். ஒறம்பரைகள் எல்லாரும் ஒரு சுற்று வந்து போனதும், பார்க்க ஆளில்லாத இடத்தில் பார்ப்பதில் அவருக்கு ருசி போய்விட்டது. காலைப் பனியில் இரும்பு ஏணி ஏறுவது தன் அந்தஸ்துக்கு ஒத்துவராது என்று கீழேயே நின்றுகொண்டார். கேப்டன் பழைய விமானப்படைக்காரர். காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது, "ஆல் ஓகே?" என்று கேட்பார். ரத்தினசாமி "ரைட்டோ" என்பார். அந்த விமானத்தின் பாதுகாப்பு இந்த இரண்டு சொற்களில் அடங்கியிருந்தது.

பிறகு பொருள்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரத் தொடங்கின.

கோடாலி முதலில் வந்தது. நல்ல எஃகு, தேங்காய்க் கொட்டகையில் விறகு பிளக்க வாகாக இருந்தது. டார்ச் அடுத்து வந்தது, இரவில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனுக்கு. காளைக்குக் குளம்பில் புண் வந்தபோது மருந்துப் பெட்டி வந்தது. மருந்து தீர்ந்ததும் ரத்தினசாமி அதில் வெற்றிலை வைத்துக்கொண்டார். அவருடைய மச்சான் கொல்லங்கோட்டில் டென்ட் சினிமாக் கொட்டகை நடத்தினான். லைசென்சுக்குச் சோதனை போட அதிகாரி வருகிறார் என்று அவன் வந்து நின்றபோது, தீயணைக்கும் பாட்டில்கள் இரண்டும் அவனோடு போயின. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். பாட்டில்கள் திரும்பி வரவில்லை. பங்காளிகளின் பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழக ஆரஞ்சுச் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன.

அவர் மனைவி மருதாத்தாள் ஒரு நாள் கேட்டாள். அவள் குமரலிங்கத்துப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் விளைகிற வீட்டில் பிறந்தவள். வேலைக்காரர்களுக்குச் சமமாக வெயிலில் நிற்கிறவள்.

"ஏனுங்க, இதெல்லாம் ஏரோப்ளேன்ல இருக்கோணுமல்லங்களா? இங்க கொண்டாந்து குமிச்சுட்டா அங்க என்னங்க இருக்கும்?"

"அது ஆகாசத்துல போற வண்டி புள்ள. உழுந்தா மொத்தமாப் போயிரும். அப்பறம் கோடாலிய வெச்சு யாரு எதை வெட்டறது?"

"அப்ப எதுக்குங்க குடுத்து உட்டிருக்காங்க?"

"வெள்ளைக்காரன் பழக்கம். அவன் செத்தாலும் சட்டப்படி சாவான்."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மருதாத்தாள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி மாட்டுத் தொழுவத்துக்குப் போனபோது அந்த டார்ச்சைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். வெளிச்சம் நன்றாக இருந்தது.

விமானத்தில் பயணிகளைக் கவனிக்க அன்னமேரி என்ற பெண் இருந்தாள். மூணாறு எஸ்டேட் ஒன்றில் தேயிலை ஃபாக்டரித் தொழிலாளியின் மகள். கான்வென்ட்டில் படித்தவள். வேலைக்கு வந்த புதிதில் அவள் காலி கொக்கிகளைப் பார்த்துவிட்டு ரத்தினசாமியிடம் வந்து கேட்டாள்.

"சார், தீயணைக்குற பாட்டில் ரெண்டையும் காணோம். கோடாலியும் இல்ல. நீங்க கேப்டன்கிட்ட எல்லாம் இருக்குன்னு சொல்லுதீக."

ரத்தினசாமி கண்ணாடியைக் கழற்றாமலே அவளைப் பார்த்தார். "இந்தா புள்ள, உன்ற வேலை என்ன? முட்டாய்த் தட்டு நீட்டறது. காதுக்குப் பஞ்சு குடுக்கறது. கொழுந்து கிள்ளற ஊட்டுல இருந்து வந்துபோட்டு எனக்குச் சட்டம் சொல்றியா?"

அன்னமேரி கேப்டனிடம் போனாள். கேப்டன், "சூப்பிரண்டிடம் சொல்" என்றார். சூப்பிரண்டு, "கம்பெனிக்குச் சொல்லியாச்சு" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இந்த மாதிரி ஆளிடம் வாய் கொடுப்பது தனக்குக் கேவலம் என்று முடிவு செய்தாள். அவர் அவளை மதிக்கவில்லை. அவள் அவரை மதிக்கவில்லை. கேப்டன் இரண்டு பேரையும் மதிக்கவில்லை. அவரவர் இளக்காரத்தை அவரவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் வந்ததும் ஜன்னல் விவகாரம் வந்தது. ஆபத்து ஜன்னல் ஒன்றின் விளிம்பிலிருந்து ஒழுகி, ஒரு எஸ்டேட் துரையின் வெள்ளைக் கால்சட்டையில் சொட்டியது. துரை இறங்கிப்போகும்போது முகத்தைச் சுளித்தார். ரத்தினசாமிக்கு அந்தச் சுளிப்பு தாங்கவில்லை. பொள்ளாச்சியில் பஸ்களுக்குக் கூரை அடைக்கிற ஆளைக் கூட்டிவந்தார். அவன் துணி நாடாவைத் தாரில் முக்கி, இரண்டு பக்கத்து ஆபத்து ஜன்னல்களின் விளிம்பையும் உள்ளும் புறமும் சுற்றி அடைத்தான். பார்க்க அசிங்கமாக இருந்ததால் மேலே பூப்போட்ட திரை தொங்கவிட்டார்கள். அதன்பின் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"இதுக்கு இன்ஜினியரு எதுக்குங்க? ஒரு படி தாரு போதும்" என்று ரத்தினசாமி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஜன்னலின் கைப்பிடியை யாராவது ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். யாரும் இழுக்கவில்லை.

ஆனி மாதத்தில் கொச்சியில் கம்பெனி முதலாளியின் வீட்டில் கல்யாணம் வந்தது. ரத்தினசாமிக்கும் அழைப்பு வந்தது. மனைவியையும் விமானத்திலேயே கூட்டிப்போவது என்று தீர்மானித்தார். மருதாத்தாளுக்கு இஷ்டமில்லை. பஸ்ஸில் போகலாம் என்றாள். சூப்பிரண்டு சம்சாரம் பஸ்ஸில் போய் இறங்கினால் மானம் என்னாவது என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஒரு தூக்குப்போசியில் முறுக்கும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

அன்று காலை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மூணாற்றிலிருந்து வந்த ஜீப்பிலிருந்து, இரண்டு கண்களிலும் கட்டுப் போட்ட ஒரு மனிதரை டிரைவர் கைப்பிடித்து இறக்கினான். பெயர் நல்லதம்பி. எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அடுப்புக் கதவைத் திறந்தபோது நெருப்புப் பொறி முகத்தில் அடித்துவிட்டது. கொச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் ஒரு கண்ணாவது மிஞ்சும் என்று எஸ்டேட் டாக்டர் சொன்னதால் விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். கொச்சியில் இறங்கியதும் ஆஸ்பத்திரி ஆள் வந்து கூட்டிப்போவான் என்று ஏற்பாடு.

அன்னமேரி அவரைக் கைப்பிடித்து ஏற்றி, ஒரு ஜன்னலோர இருக்கைக்குக் கூட்டிப்போனாள். ஏறிக்கொண்டிருந்த ரத்தினசாமி பார்த்துவிட்டார்.

"கண்ணே தெரியாதவனுக்கு ஜன்னல் எதுக்கு? கொண்டுபோய்க் கடைசில உக்கார வை."

நல்லதம்பிக்கு அது காதில் விழுந்தது. "நமக்கு எங்க இருந்தா என்னம்மா, பரவால்ல" என்றார்.

டகோட்டா தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். உள்ளே நடைபாதை மலைச்சரிவு போல இருக்கும். ஆள் ஏறும் கதவு வால் பக்கத்தில் இருந்தது. கதவுக்கு எதிர்ப்புறம் இருந்த கடைசி இருக்கையில் நல்லதம்பியை உட்கார வைத்தாள் அன்னமேரி. பெல்ட்டின் கொக்கி பிடிக்கவில்லை. துருப்பிடித்துப் பல் தேய்ந்திருந்தது. இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கெட்டியா இருக்கா அண்ணாச்சி?"

"தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு" என்று அவர் சிரித்தார். முதல் தடவை விமானத்தில் போகிறாராம். மேலே போனதும் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கேப்டன் வழக்கம்போல "ஆல் ஓகே?" என்று கேட்டார். ரத்தினசாமி அன்று பயணியாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, மனைவி பார்க்க, கட்டைவிரலைத் தூக்கி, "ரைட்டோ" என்றார். விமானம் ஓடத் தொடங்கியது.

வால் தரையைவிட்டு எழும்புவதற்குள் இடது சக்கரம் வெடித்தது. விமானம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுபாதையைவிட்டு இறங்கி, சேற்றைக் கிழித்துக்கொண்டு போய், வயல் வரப்பில் இடித்து நின்றது. அடிபட்டுச் சாகிற அளவுக்கு ஒன்றுமில்லை. சாமான்கள் உருண்டன, ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, அவ்வளவுதான். விழுந்தால் மொத்தமாகப் போய்விடும் என்று ரத்தினசாமி சொன்ன மாதிரி எதுவும் நடக்கவில்லை. எல்லாரும் உயிரோடு, இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அப்போதுதான் வால் பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. முதலில் ஊதுபத்திப் புகை அளவு. ஒரு பாட்டில் இருந்திருந்தால் அங்கேயே அடங்கியிருக்கும் என்று பின்னால் விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார்.

அன்னமேரி கதவுக்கு ஓடினாள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. வெளியே வரப்பு அதை முட்டிக்கொண்டு நின்றது. தோளால் இடித்தாள், அசையவில்லை. பின்னால் நல்லதம்பி, "என்னம்மா கருகுது?" என்று கேட்டார். அடுப்போடு காலம் தள்ளியவருக்கு அந்த வாசனை முதலிலேயே தெரிந்துவிட்டது.

"இருங்க அண்ணாச்சி. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல்களை நோக்கி மேலே ஓடினாள்.

நடுவில், இறக்கைக்கு நேராக, ரத்தினசாமி ஜன்னல் பக்கமும் மருதாத்தாள் நடைபாதைப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். புகையைக் கண்டதும் ரத்தினசாமி எழுந்தார். மனைவி வழியில் இருந்தாள். அவள் பெல்ட்டைக் கழற்றும்வரை அவரால் காத்திருக்க முடியவில்லை. அவள் தொடையில் ஒரு காலும் தோளில் ஒரு காலும் வைத்து ஏறி நடைபாதையில் குதித்து, ஒரு வக்கீலைத் தள்ளிவிட்டு, சரிவில் மேலே விமானிகள் இருந்த பக்கம் ஓடினார். அங்கே அவர்கள் ஏறுகிற சிறு கதவு ஒன்று உண்டு. கேப்டன் அதை அப்போதுதான் திறந்திருந்தார். அதில் முதலில் வெளியே வந்தவர் ஸ்டேஷன் சூப்பிரண்டு.

அவருக்குப் பின்னால் எல்லாரும் அந்தச் சிறு வாசலுக்கே பாய்ந்தார்கள். யாரோ ஒருவரின் பெட்டி குறுக்கே விழுந்து, ஆள்மேல் ஆளாக அடைத்துக்கொண்டது. புகை கூரையை ஒட்டி மேலே ஏறி வந்தது.

அன்னமேரி பூப்போட்ட திரையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஜன்னலின் கைப்பிடியை இழுத்தாள். கைப்பிடி தனியாகக் கையோடு வந்தது. ஜன்னல் அப்படியே இருந்தது. "கோடாலி, கோடாலி" என்று கத்திக்கொண்டே பக்கத்துச் சுவரைத் தடவினாள். கொக்கி மட்டும் இருந்தது.

மருதாத்தாள் அந்தக் கொக்கியைப் பார்த்தாள். கோடாலி இப்போது எங்கே, எந்தத் தடுக்கின் மேல், எந்தப் பக்கம் பிடி வைத்துக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் அவள்தான் அதை எடுத்து வைத்திருந்தாள்.

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதுகை எதிர் இருக்கையில் கொடுத்து, இரண்டு காலாலும் ஜன்னலை உதைத்தாள். அன்னமேரியும் பக்கத்தில் உட்கார்ந்து உதைத்தாள். தார் நல்ல தார். பொள்ளாச்சிக்காரன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். குதிகால் பிளந்து ரத்தம் வந்தது. மேலே ஏறிய புகை இப்போது கீழே இறங்கத் தொடங்கியது. கடைசியில் ஒரு மூலை விட்டது. அடுத்த உதையில் ஜன்னல் இறக்கைமேல் போய் விழுந்தது. பின்னால் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த வழியாக மழையில் உருண்டு விழுந்தார்கள்.

அன்னமேரி வெளியே போகவில்லை. திரும்பி வால் பக்கம் இறங்கினாள். தட்டி எரிந்து விழுந்து அங்கே நெருப்புச் சுவர் போல இருந்தது. சூடான இருக்கைக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கியதில் உள்ளங்கைகள் இரண்டும் வெந்துபோயின. பாதி தூரத்தில் தடுமாறி விழுந்தவளை மருதாத்தாள் பின்னலைப் பிடித்து இழுத்து, ஜன்னல் வழியாக வெளியே தள்ளி, தானும் விழுந்தாள்.

பனைமரத்தடியில் ரத்தினசாமி நின்றுகொண்டிருந்தார். குதித்ததில் கணுக்கால் பிசகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி முகத்திலேயே இருந்தது.

"எங்க போயிட்ட நீ? உன்னயத்தான் தேடிட்டிருக்கறன்" என்றார் மனைவியிடம்.

மருதாத்தாள் வரப்பில் உட்கார்ந்து இருமினாள். எண்ணிப் பார்த்தார்கள். நல்லதம்பி மட்டும் இல்லை.

விசாரணைக்கு மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து பாலக்காட்டு அரசு பங்களாவில் உட்கார்ந்தார். ரத்தினசாமி கணுக்காலில் பெரிய கட்டோடு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் போனார். எல்லாப் பொருளும் அன்று காலைகூட இருந்தன என்றார். தினமும் தானே பார்த்ததாகச் சொன்னார். தீயில் எல்லாம் போயிற்று, இப்போது எதைக் கேட்டால் என்ன என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றனுங்க. அந்த ஆளைப் பெல்ட்டுல முடிச்சுப் போட்டுக் கட்டிவெச்சது அந்த எஸ்டேட்டுப் புள்ளதானுங்க. அவுத்துடாம ஓடி வந்துட்டா. இதுகளையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தானுங்க."

அன்னமேரி கைகள் இரண்டிலும் கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கேட்டதற்கு, "முடிச்சுப் போட்டது நாந்தான்" என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொன்னால் நம்புவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மருதாத்தாளை யாரும் கூப்பிடவில்லை. சூப்பிரண்டின் சம்சாரம் என்ன சொல்லப்போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அவள் பஸ் ஏறி, நொண்டிக்கொண்டே வந்து வராந்தாவில் நின்றாள்.

"நீ எதுக்கு வந்த? ஊட்டுக்குப் போ" என்றார் ரத்தினசாமி.

அவள் அவரைத் தாண்டிப் போய் அதிகாரி முன்னால் நின்றாள். "அய்யா, நான் என்னத்தச் சொன்னாலும் புருசன் பொண்டாட்டிச் சண்டைம்பாங்க. ஒருக்கா எங்கூட்டு வரைக்கும் வாங்க. உங்க கண்ணால பாத்துக்குங்க."

அதிகாரி அன்றே அவர்களோடு ஜீப்பில் வந்தார். தேங்காய்க் கொட்டகையையும் வெற்றிலைப் பெட்டியையும் பார்ப்பதற்கு முன், தோட்டத்துக் கிணற்றிலிருந்து கும்மாளம் கேட்டது. எட்டிப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர், கம்பெனியின் பெயர் அச்சடித்த ஆரஞ்சுச் சட்டைகளோடு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் எரிந்து செத்த பிறகும், பெரிய விசாரணை ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதும், அவற்றைக் கழற்றி ஒளித்துவைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. திருட்டு என்று நினைத்திருந்தால் ஒளித்திருப்பார்கள். அந்த வீட்டில் அது திருட்டு என்றே யாரும் நினைக்கவில்லை.

அதிகாரி கிணற்று மேட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு ரத்தினசாமியிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார். அவர் முகத்தில் இருந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. செருப்பில் எதையோ மிதித்துவிட்டவர் முகம் அது.

கம்பெனியின் லைசென்ஸ் போயிற்று. கேப்டனை இனிமேல் பறக்கக் கூடாது என்றார்கள். ரத்தினசாமிமேல் பாலக்காட்டுக் கோர்ட்டில் கேஸ் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. அது முடிவதற்குள் அவர் பால் சொசைட்டிக்குத் தலைவராகிவிட்டார். ஓட்டுப் போட்டவர்களும் அந்தக் கிணற்றில் பிள்ளைகளை நீந்த விட்டவர்கள்தான். அன்னமேரியின் கைகள் ஆறின, ஆனால் விரல்கள் முழுக்க மடங்கவில்லை. அவள் மூணாற்றுக்கே திரும்பிப் போனாள்.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் ரத்தினசாமி வீட்டில் பெரிய கூச்சல் போட்டார். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார். குமரலிங்கத்துக்கே அனுப்பிவிடுவேன் என்றார். மருதாத்தாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ற தோளை மிதிச்சுட்டுப் போனீங்களே, அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சுங்க. இனி நீங்க கத்தறது மாடு கத்தற மாதிரிதான் எனக்கு. அதாச்சும் பசிச்சாத்தான் கத்தும்."

ஐப்பசியில் ஒரு நாள் அவள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். உடுமலையில் மாறி, மறையூர் வழியாக மூணாறு போய்ச் சேர்ந்தாள். முன்பே கடிதம் போயிருந்ததால் அன்னமேரி பஸ் நிற்குமிடத்துக்கு வந்திருந்தாள். இருவரும் எஸ்டேட் பாதையில் ஏறி, தொழிலாளர் லயத்தில் இருந்த நல்லதம்பியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி சாந்தம்மாள் கொழுந்து எடுக்கிறவள். சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வந்தாள், ஈரத்துக்கு இடுப்பில் கட்டிய படுதாச் சாக்கோடு. உட்காரச் சொல்லவில்லை.

"கம்பெனிக்காரகளா?"

"இல்லீங்க. நாங்களும் அன்னைக்கு அதுல இருந்தவங்கதானுங்க" என்றாள் மருதாத்தாள்.

"அழ வந்திருந்தா வேண்டாம். அழுதவக எல்லாரும் அழுதுட்டுப் போயிட்டாக. துரை வந்தாரு, யூனியன்காரக வந்தாக. ஒவ்வொருத்தருக்கும் நான் காப்பி போட்டுக் குடுத்தேன். எனக்குச் சோலி கிடக்கு."

சாந்தம்மாள் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு அவர்களைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். யாருட்ட கேட்டாலும் புகை, புகைங்காக. எம் புருசன் கண்ணுல கட்டோட உக்காந்திருந்தாரு. அவர யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டீகளா?"

மழை விட்டிருந்த நேரம். கீழே ஃபாக்டரியில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப பேரு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் அன்னமேரி. "பெல்ட்டுக் கொக்கி புடிக்கல. நாந்தான் முடிச்சுப் போட்டேன். புகை வந்தப்ப என்னான்னு கேட்டாரு. இருங்க, வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். வரல."

"இல்லீங்க, இவ திரும்பிப் போனாளுங்க, கையப் பாருங்க..." என்று மருதாத்தாள் தொடங்கினாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா" என்றாள் அன்னமேரி.

சாந்தம்மாள் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. "இருங்கன்னா இருந்திருப்பாரு" என்றாள். "சொன்ன சொல்லுக்கு உக்காந்திருக்கிற மனுசன்." பிறகு மருதாத்தாள் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"எனக்கு அவரு நெனப்பே வரலீங்க. வெளிய வந்து ஆளை எண்ணுனப்பத்தான் வந்துச்சுங்க."

"சரி. உள்ளதச் சொன்னீக. அதுக்காக எம் மனசு ஆறிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இறங்கிராதீக. ஆறாது." அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. சாப்பிடத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

இருவரும் இறங்கினார்கள். மருதாத்தாள் அடுத்த நாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தபோது, ரத்தினசாமி வாசலில் சொசைட்டி ஆட்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே போயிருந்தாள் என்று அவருக்குச் சேதி வந்திருந்தது.

"மூணாறு போயிருந்தியாமா. என்னமோ சொன்னாளா அந்தப் பொம்பளை? என்னையப் பத்தி என்ன பேசுனா?"

அவர் தயாராக இருந்தார். சாபம் விட்டிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். நாலு பேரிடம் சொல்லிக்காட்டவும் ஆகும்.

மருதாத்தாள் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க."

"கேக்கலையா?"

"இல்லீங்க. நானும் எடுக்கலீங்க. பேசறதுக்கு வேற இருந்துச்சு."

கோர்ட்டில் நின்றபோதுகூட அவர் முகம் அப்படிச் சுருங்கியதில்லை. மருதாத்தாள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.